ஏறுபூரானா, இறங்குபூரானா?

வாம்மா, உக்காரு. அரக்கோணம் லோக்கல்ல நின்னுகினே வந்தியா? மூஞ்சியப் பாத்தா திருவள்ளூர்லேர்ந்து கடம்பத்தூர் வரைக்கும் தண்டவாளத்து மேல நடந்து வந்தவளாட்டம் இருக்குது. ஆயா மோரு எடுத்தாருவா. குடிச்சிட்டு விஷயத்தச் சொல்லு.

இன்னாது, பாடமா? குழந்தையும் வளர்ப்புப் பிராணியும் இருக்கற ஓவியம் ஒண்ண எடுத்துகினு அதுக்குப் பொருள் எழுதணுமா? அவ்ளோதானா? நான் கூட எவனோ பையன் விவகாரம்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். சரி, எழுத வேண்டியதுதான? இன்னா, அர்த்தம் வர மாட்டேங்குதா? அர்த்தம் இன்னா ஆறே முக்கா வண்டியா, வரலன்னா ஸ்டேஷன் மாஸ்டரப் போயி கேக்கறதுக்கு?

உங்க தாத்தனுக்குப் படம் வரையத் தெரியாது. சுவத்துல சுண்ணாம்பு அடிச்சாலே பாதி வேட்டியிலதான் இருக்கும். ஆனா இல்லாத அர்த்தத்த எடுத்து வெளிய வைக்கற தொழிலு இருக்குது பாரு, அதுல நாப்பது வருஷம் ஊறினவன். மாட்டுத் தரகுன்னா சும்மாவா?

மாட்டு ஒடம்புல அங்கங்க மயிரு சுழிச்சிகினு இருக்கும், பாத்திருக்கியா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒரு பலன். கோபுரச் சுழின்னா வூடு ஒசரும். லட்சுமி சுழின்னா பணம் சேரும். பாடைச் சுழி மாட்ட வாங்கினா வூட்டுல பொணம் வுழும். துடைப்பச் சுழின்னா இருக்கறதெல்லாம் பெருக்கித் தள்ளிடும். இதுல ராஜா பூரான் சுழிதான். முதுகு மேல பூரான் ஊர்ற மாதிரி மயிரு கோடு ஓடும். அது ஏறினா ஏறுபூரான், வாங்கினவன் குடும்பம் ஏறும். இறங்கினா இறங்குபூரான், குடும்பமும் கூடவே இறங்கும். பூரானுக்குத் தல எது, வாலு எதுன்னு சந்தையில எவன் கேக்கறான்? நான் விக்கறவன் பக்கம் நின்னா அது ஏறுபூரான். வாங்கறவன் பக்கம் வந்து நின்னுட்டேன்னு வை, அதே மாட்டு மேல அதே பூரான் திரும்பிப் படுத்து இறங்க ஆரம்பிச்சிடும். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சிகினு இருக்கறப்பவே ஐந்நூறு ரூபா கொறஞ்சிடும்.

ஆனா பல்லு அப்படி இல்ல. வாயப் பொளந்து பாத்தா, பால்பல்லு வுழுந்து முன்னாடி ரெண்டு பல்லு மொளச்சிருந்தா ரெண்டு வயசு சொச்சம். அப்புறம் நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் முழுசா வந்துட்டா நாலஞ்சு வயசு ஆன மாடு. நான் எந்தப் பக்கம் நின்னாலும் அது எட்டுதான். அதனாலதான் நல்ல சம்சாரி வந்தான்னா என் வாயப் பாக்க மாட்டான், மாட்டு வாயப் பாப்பான்.

நீ சுழி பாக்கற. காட்டு அந்தப் போனை. என் கண்ணாடி எங்க... ஆங். யாரு இந்தச் செவப்பு உடுப்புக்காரரு? கல்யாண பேண்டு செட்டுல கிளாரினெட் வாசிக்கறவரோட புள்ளையா? பேரு இன்னா? மானுவேல் ஒசோரியோ மன்ரிக்கே தெ சூனிகா. அடேயப்பா, மூணு நாலு வயசுப் பொடியனுக்கு ஒம்போது பெட்டி ரயிலு நீளத்துக்குப் பேரு. அப்பங்காரன் அல்டமீரா பிரபு. வரைஞ்சவரு ஸ்பெயின் தேசத்து கோயா, 1787-88. படம் இப்ப நியூயார்க் மெட்ரோபொலிட்டன் மியூசியத்துல தொங்குது. சரி, நீ எழுதினத படி.

"குழந்தை கள்ளமின்மையின் குறியீடு. பறவை ஆன்மாவின் குறியீடு. பூனைகள் தீய சக்திகள். வாழ்வின் நிலையாமையை இவ்வோவியம் உணர்த்துகிறது." நிறுத்து, நிறுத்து. இது நீ எழுதினதா, போனு எழுதிக் குடுத்ததா? சரி, மூஞ்சியத் தூக்காத. பெரிய பெரிய படிப்பு படிச்சவங்களும் அந்தப் படத்தப் பத்தி இப்படிதான் சொல்லியிருக்காங்கன்னு நீயே சொல்ற. அவங்க சொன்னா அவங்க பாத்துட்டு சொன்னாங்க. நீ பாக்காம சொல்ற. அதான் வித்தியாசம்.

இப்ப பல்லப் பாப்போம். பையன் கையில ஒரு கயிறு. அதோட மறுமுனையில ஒரு பறவை. மேக்பையா? கறுப்பு வெள்ளையா, நம்ம வால்காக்காவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்குது. அது அலகுல ஒரு சீட்டு. சீட்டப் பெருசு பண்ணு. வண்ணத்தட்டு, தூரிகை, கோயா பேரு! விசிட்டிங் கார்டும்மா அது! பிரபு வூட்டுப் புள்ளைய வரைஞ்சு குடுய்யான்னா, குருவி வாயில தன் விலாசத்தச் சொருகி வச்சிருக்கறான். இவன் ஓவியன் இல்ல, எங்க ஆளு. இந்தப் பக்கம் கூண்டு, உள்ள சின்னச் சின்னக் குருவிங்க. அந்தப் பக்கம் பூனை. எத்தினி பூனை? ரெண்டுன்னு எழுதியிருக்க. இருட்டுல பாரு. இன்னும் உத்துப் பாரு. கண்ணு ரெண்டு தெரியுதா? மூணு பூனை. மூணாவது பூனைய வுட்டுட்டு ஆன்மாவப் புடிச்சிட்டியே, கெட்டிக்காரி!

யாரு எங்க பாக்கறாங்கன்னு சொல்லு. பூனைங்க கண்ணு கயிறு கட்டின குருவி மேல. வெறிச்சிகினு பாக்குதுங்க. பையன் பூனையப் பாக்கறானா? இல்ல. குருவியப் பாக்கறானா? அதுவும் இல்ல. நம்மளத் தாண்டி எங்கயோ பாத்துகினு நிக்கறான். பூனை தாவிச்சுன்னா குருவி பறக்க முடியாது, ஏன்னா கயிறு இவன் கையில. அது இவனுக்குத் தெரியவும் தெரியாது. இவ்ளோ இருக்குது படத்துல. நீ என்னடான்னா ஒத்த வார்த்தையில கள்ளமின்மைன்னு முடிச்சிட்ட.

நீ கூட அஞ்சு வயசுல தட்டான் வாலுல நூலு கட்டி வுட்டவதான். தீப்பெட்டியில பொன்வண்டு புடிச்சிப் போட்டு, தழை கிள்ளிப் போட்டு, முட்டை வுடும் முட்டை வுடும்னு காத்துகினு இருந்த. ரெண்டாம் நாளு அது செத்துப்போச்சு. அழுதியா? இன்னொரு தீப்பெட்டி கேட்ட. உங்க ஆயாதான் குடுத்தா. அப்ப உன்னைப் படம் எடுத்திருந்தா அதுவும் கள்ளமின்மைதான். இல்லன்னு சொல்லல. ஆனா பொன்வண்டு பக்கத்துலேர்ந்தும் ஒரு வரி எழுதணுமா இல்லியா?

பூனைக்கு இன்னா கெட்ட பேரு? பசிக்கு உக்காந்திருக்குது. ஆறாவது படிக்கறப்ப மாமல்லபுரம் டூரு போனியே, அர்ச்சுனன் தபசுப் பாறையில ஒரு பூனைய பாத்தியா? பின்னங்கால்ல நின்னுகினு கை ரெண்டையும் தலைக்கு மேல தூக்கி தவம் பண்ணிகினு இருக்கும். காலடியில எலிங்க. பல்லவன் காலத்து ஆளுங்களுக்கு தீய சக்தியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பூனைக்கு சாமியாரு வேஷம் போட்டு வுட்டுட்டாங்க. பாக்கறவன் சிரிக்கறான், சிரிச்சி முடிச்சதும் தன்னோட ஊரு ஆளு ஒருத்தன் ஞாபகத்துக்கு வர்றான். எந்த ஆளுன்னு நான் சொல்ல மாட்டேன், எலெக்‌ஷன் வருது.

நிலையாமைன்னு வேற எழுதியிருக்க. அந்தப் பையன் 1792-ல எட்டு வயசுல செத்துட்டான்னு நீ முன்னாடியே படிச்சிட்ட. அத மனசுல வச்சிகினு பாத்தா கூண்டும் எமன், பூனையும் எமன். கோயா தூரிகையத் தொட்டப்ப அவருக்கு அது தெரியுமா? செத்த மாட்டுக்கு எல்லாச் சுழியும் பாடைச் சுழிதாம்மா. உசுரோட இருக்கறப்ப எவன் சொன்னான், அதச் சொல்லு.

மோரு குடி, சூடாவுது.

அடுத்து இன்னா வச்சிருக்க? பாவாடை கட்டின பையனா? ஸ்பெயின் ராஜா வூட்டுப் புள்ள, பெலிப்பே புரோஸ்பரோ. வெலாஸ்கஸ் 1659-ல வரைஞ்சது. வியன்னாவுல இருக்குது. அய்ய, இங்க பாரு, இடுப்புல இன்னா இது கோத்துத் தொங்கவுட்டிருக்காங்க? மணி, தாயத்து! இத நீ எழுதவே இல்லியே. கண்ணேறு படாம இருக்கக் கட்டினதுன்னு சீமைக்காரனே சொல்றானா? பின்ன? இதச் சொல்ல அவன் வேணுமா? உன் இடுப்புல அரைஞாண் கயித்துல உங்க ஆயா கட்டினதுல பாதி இதுல இருக்குதே. ஊசிமணிக்காரங்க வந்தா ஒரு தடவை கூட வெறுங்கையோட அனுப்புனதில்ல அவ.

அந்தப் புள்ளையோட அப்பா நாலாம் பிலிப்பு. கட்டினது கூடப் பொறந்த தங்கச்சி மகள. நம்ம பக்கத்துல அக்கா மகளக் கட்டுவாங்க, தங்கச்சி மகளத் தொட்டா பஞ்சாயத்துல நிறுத்திடுவாங்க. அவங்க ராஜா, யாரு கேக்கறது? சொந்தத்துலயே கட்டி சொந்தத்துலயே குடுத்து, புள்ளைங்க ஒண்ணொண்ணா கையவுட்டுப் போச்சு. இவனும் 1657-ல பொறந்து 1661-ல நாலு வயசு நெறையறதுக்கு முன்னாடியே பூட்டான். இங்க அந்தப் பயம் படத்துலயே இருக்குது பாரு. கோயா படத்துல நாம கொண்டாந்து வச்சது. இதுல பெத்தவளே கோத்துத் தொங்கவுட்டது. தாயத்து எத்தினி இருக்குதோ, பயமும் அத்தினி.

பக்கத்துல நாற்காலி. நாற்காலி மேல ஒரு பொடி நாயி, ராஜா வூட்டு நாயி மாதிரி இல்லாம நம்ம வூட்டு நாயாட்டம் மூஞ்சிய நீட்டிப் போட்டுகினு சொகமா படுத்திருக்குது. இன்னா அர்த்தம் எழுதின? விசுவாசம். ஆமா, நாய்னா விசுவாசம், நரின்னா தந்திரம், கழுதைன்னா பொறுமை. மூணாங்கிளாஸ் புஸ்தகம். அந்தக் காலத்துல ஓவியருங்க சரித்திரம் எழுதின பாலோமினோன்னு ஒருத்தரு இன்னா சொல்றாரு? அந்த நாயி வெலாஸ்கஸ் ரொம்பப் பிரியமா வச்சிருந்த நாயின்னு சொல்றாரு. கேட்டியா? ராஜா புள்ளைய வரையப் போன மனுஷன் தன் வூட்டு நாய அரண்மனை நாற்காலியில ஏத்தி வுட்டுட்டு வந்துட்டாரு! தாயத்து கட்டின புள்ளைக்குத் தொணையா இருக்கட்டும்னு நெனச்சாரோ, நாய வரையறது அவருக்கு கை வந்த வேலையோ, நமக்கு இன்னா தெரியும்? ஆனா இதத் தெரிஞ்சிகினு விசுவாசம்னு எழுதினா, யாரு மேல யாருக்கு விசுவாசம்னு கேப்பேன்.

நீ பொறக்கறதுக்கு முன்னாடி நாய் மார்க் ரெக்கார்டுன்னு ஒண்ணு இருந்துது. மைக் செட்டுக்காரன் கல்யாண வூட்டுல போடுவான். குழா முன்னாடி உக்காந்துகினு நாயி தலையச் சாய்ச்சிக் கேக்கும். எஜமான் செத்துட்டாரு, சவப்பெட்டி மேல உக்காந்துகினு அவரு கொரலக் கேக்குதுன்னு இந்த ஊருல எல்லாரும் சொல்லுவோம். நானே பத்து பேருகிட்ட சொல்லியிருக்கறேன், ரெண்டு பேரு அழுதிருக்காங்க. உங்க அப்பன் அப்புறம் படிச்சி சொன்னான். பிரான்சிஸ் பர்ராடுன்னு ஒரு ஓவியரு, நாயி பேரு நிப்பரு, மொதல்ல வரைஞ்சது வேற மிஷினு. படத்த வாங்கின கம்பெனி, எங்க மிஷின வரைஞ்சா வாங்கிக்கறோம்னுச்சாம். அவரு பழைய மிஷின அழிச்சிட்டு புதுசு வரைஞ்சு குடுத்து காச வாங்கிகினாராம். நாங்க சவப்பெட்டின்னு சொன்னது பளபளன்னு மேசைப் பலகை. அழுத ரெண்டு பேருகிட்ட இத நான் சொல்லல. இன்னாத்துக்கு?

அடுத்தது இங்கிலீஷ்கார ஓவியரு கேன்ஸ்பரோ படமா? பொண்ணுங்க ரெண்டு பேரு. பூனை எங்க? ஓ, கோடா நிக்குதா, வண்ணமே போடல. தன் சொந்தப் பொண்ணுங்க, 1760 வாக்குல. முடிக்காமலே வுட்டுட்டாரா? பெரியவ வாலப் புடிச்சி இழுக்கற மாதிரி இருக்குது, பூனை இருக்குமா? அவ்ளோதான் அந்தப் படம். மேல தள்ளு.

ஏம்மா, நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரும் வரையலியா? இருக்குதா? ரவி வர்மாவா? அத மொதல்ல காட்டறதுக்கு இன்னா? 1893. "இதோ அப்பா வர்றாரு". பொம்பளை ஒசரமா, வெள்ளப் புடவையில நிக்கறா. இடுப்புல புள்ள. காலடியில நாயி. அம்மாவும் புள்ளையும் அந்தப் பக்கம் பாக்கறாங்க. அவ ரவி வர்மாவோட மக மகாப்பிரபாவா? மாவேலிக்கரையா? அப்போ புள்ள இவருக்குப் பேரன்.

இங்கதான் எனக்கு வயிறு எரியுது. எதிர்ல துணிய நீட்டிகினு, வண்ணம் கொழச்சிகினு, கால் கடுக்க நின்னவன் தாத்தன். புள்ள சிணுங்கினா வேடிக்கை காட்டினவனும் அவனாத்தான் இருப்பான். படத்துக்குப் பேரு வைக்கறப்ப? அப்பா வர்றாரு! எந்தத் தாத்தன் கதையும் இப்படித்தான். எழுதுடி இத. வேற எவனும் எழுத மாட்டான்.

படிச்சவங்க இன்னா சொல்றாங்க? கேரளாவுல அந்த வூட்டுங்கள்ல மருமக்கத்தாயம். புள்ள அம்மா வூட்டுக்குச் சொந்தம், சொத்து அம்மா வழி, மாமன் கையில சாவி. அப்பன் வர்றவன் போறவன். அப்படிப்பட்ட வூட்டுல நின்னுகினு அப்பன் வர்றாருன்னு வாசலப் பாக்கறத பெருசா வரைஞ்சிருக்காரே, காலம் மாறப்போவுதுன்னு அர்த்தம்னு சொல்றாங்க. இந்தச் சுழிய நான் ஒத்துக்கறேன். ஏன்னா பல்லும் கூடவே இருக்குது. தலைப்பு இருக்குது, வருஷம் இருக்குது, அந்த வூட்டு வழக்கம் இருக்குது. அந்தக் கூட்டுக் குடும்ப முறையையே கேரளாவுல 1975-ல சட்டம் போட்டு எடுத்துட்டாங்கன்னும் நீயே சொல்ற. அந்த 1893-லதான் சிகாகோ கண்காட்சிக்கும் பத்துப் படம் அனுப்பி பரிசு வாங்கினாராம். வெள்ளக்காரன் கண்ணு பாத்துகினு இருக்குதுன்னு தெரிஞ்ச மனுஷன். அதையும் சேத்துக்கோ. இப்ப பாரு, ஒனக்கே ரெண்டு பக்கம் வந்துச்சா இல்லியா?

ஆனா நாய வுட்டுட்ட. அப்பன் வர்றத மொதல்ல கண்டுபுடிக்கறது யாரு? நம்ம தெருவுல ராத்திரி ஷிப்டு முடிஞ்சி ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து கம்பெனி வேன் வந்து ரோட்டு முனையில நிக்கும். புள்ளைங்க எப்பவோ தூங்கியிருக்கும். பொண்டாட்டியும் தூங்கியிருப்பா, பாவம், காலையில அவளுக்கு ஷிப்டு. எழுந்து வால ஆட்டிகினு ஓடறது நாயி ஒண்ணுதான். இந்த ஊருல அந்தப் படத்த வரைஞ்சா அம்மாவும் இருக்க மாட்டா, புள்ளையும் இருக்காது.

ரவி வர்மா 1894-ல பம்பாயில அச்சுக்கூடம் வச்சாரு, அதுக்கப்புறந்தான் சாமி படம் எல்லா வூட்டுக்கும் வந்துது. நம்ம பக்கம் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவரு சிஷ்யருங்களும் வரைஞ்சத சிவகாசிக்காரங்க காலண்டரா போட்டாங்க. அதோ பாரு, உங்க ஆயா போன வருஷத்துத் தேதிய மட்டும் கிழிச்சிட்டு கண்ணன வச்சிருக்கறா. குழந்தையும் கன்னுக்குட்டியும். இத எடுத்துகினு எழுதேன், யாரு வேணாம்னா? இந்த மாதிரி படத்த நான் முப்பது வருஷமா பாத்துகினு வர்றேன். அந்தக் கன்னுக்குட்டிக்கு ஒரு சுழி கூட கிடையாது! எந்தத் தரகனுக்கும் மாட்டாத கன்னுக்குட்டி அது. அப்படியே கண்ணன் மூஞ்சியவே பாத்துகினு நிக்கும். மடிய மறந்த கன்னுக்குட்டிய நான் எந்தச் சந்தையிலும் பாக்கல.

சலூன்ல தொங்குமே, பிரசவ ஆஸ்பத்திரி சுவத்துலயும் இருக்குமே, கொழுகொழுன்னு வெள்ளக்காரக் குழந்தை ஒண்ணு, பக்கத்துல நாய்க்குட்டி? உங்க அம்மா உன்ன வயித்துல வச்சிகினு அதையே பாத்துகினு இருந்தா, செவப்பா பொறக்கணும்னு. நீ என்னை மாதிரி பொறந்த. அந்தப் படத்துக்கு அதான் அர்த்தம்.

எழுந்திரு, அங்க பாரு. பக்கத்து வூட்டுப் பொடியன் திண்ணையில உக்காந்துகினு ஆட்டு கழுத்தக் கட்டிப் புடிச்சிகினு இருக்கறான். அழகா இருக்குதா? போட்டோ எடுத்துட்டியா? இன்னா எழுதப்போற, அன்பு, நட்பு, கள்ளமின்மை? ஆட்டு கழுத்தப் பாரு. மஞ்சத் துணி. காது நுனியப் பாரு, சின்னதா ஒரு வெட்டு. ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம அம்மனுக்கு நேந்து வுட்டது. வூட்டுல எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் இன்னும் சொல்லல. தெனம் அவன்தான் தழை ஒடிச்சிப் போடறான், அவன் போட்டாதான் தின்னுது.

அழாதடி. கூழு ஊத்தற அன்னிக்கு நீயும் வருவ, எலையில உக்காருவ, எனக்குத் தெரியும். இப்ப சொல்லு, பையன் எங்க பாக்கறான்? நம்மளத்தான் பாக்கறான், பல்லக் காட்டறான். ஆடு எங்க பாக்குது? உங்க ஆயா கையில இருக்கற வாழப்பழத் தோலப் பாக்குது. போனை உள்ள வை. பென்சில எடுத்தா. அவன் இன்னும் அஞ்சு நிமிஷம் அசையாம இருப்பான். ஆட்ட மொதல்ல போடு, அது அவ்ளோ நேரம் கூட நிக்காது.